ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் பெர்க்லி... கலிஃபோர்னியாவின் டிரான்ஸ்ஃபர் வழியில் என்னென்ன கவனிக்கணும்?

மார்ச் மாதக் கடைசியில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் கலிஃபோர்னியா வீடுகளில் சாப்பாடு இறங்காது. பெர்க்லி, யு.சி.எல்.ஏ. ரிசல்ட் வரும் நேரம் அது. ஃப்ரீமான்ட், சான் ஹோசே, கூப்பர்டினோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் வீடுகளிலும் இதே கதைதான். பள்ளியில் முதல் வரிசையில் இருந்த பிள்ளைக்கே 'இடமில்லை' என்று வந்துவிடும். யு.சி.எல்.ஏ.வில் முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பிப்பவர்களில் 100-க்கு சுமார் 9 பேருக்குத்தான் சமீப ஆண்டுகளில் இடம் கிடைக்கிறது. பெர்க்லியில் 11, 12 பேர். அப்போது யாராவது ஒருவர், "டி ஆன்சா காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கலாமே" என்பார். உடனே இன்னொருவர், "கம்யூனிட்டி காலேஜா? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?" என்பார்.

முதலில் பேசியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதே பெர்க்லியிலும் யு.சி.எல்.ஏ.விலும் மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களையும் சேர்த்துப் பார்த்தால், இப்படி டிரான்ஸ்ஃபரில் அனுமதி பெறுகிறவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள்.

ஆனால், இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பம் போடுவது இரண்டாம் வருடத்தில். அதன் தலையெழுத்தில் பாதி, முதல் செமஸ்டரில் எந்தெந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்பதிலேயே எழுதப்பட்டுவிடும். அதுவரை பொறுத்திருந்து விசாரிக்கிறவர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாகப் போய்விடுகிறது.

கம்யூனிட்டி காலேஜ் என்பது என்ன?

நம்மூரில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் படிப்பை இடையில் விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம். பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் என்பது, பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை நடத்தும் அரசுக் கல்லூரி. கூடவே நர்ஸிங், எலெக்ட்ரீஷியன், அக்கவுன்டிங் என்று தொழிற்படிப்புகளும் இருக்கும். பள்ளி முடித்த எவரும் சேரலாம், கட்-ஆஃப் எதுவும் கிடையாது. இவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது 116 இருக்கின்றன. அமெரிக்காவின் மிகப்பெரிய உயர்கல்வி அமைப்பு இதுதான்.

வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் 18 வயதுப் பையனுக்குப் பக்கத்தில், ராணுவத்திலிருந்து திரும்பிய 30 வயதுக்காரர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த அம்மா.

"அங்க படிச்சு யாரு பெரிய ஆளா வந்தா?" என்று கேட்பவர்களுக்குச் சில பெயர்கள். மனித மரபணுத் தொகுப்பைப் படித்தறிந்தவர்களில் முக்கியமான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியதும் போய்ச் சேர்ந்தது சான் மேட்டியோ கம்யூனிட்டி காலேஜில். அங்கிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்கு மாறினார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போனவர். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் உள்ள ஷாபோ காலேஜில் படித்தவர். அந்தக் காலேஜுக்குத் தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று 2015-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார்.

1960-ல் போட்ட பாதை

டிரான்ஸ்ஃபர் மாணவர்களை இத்தனை பேர் எடுப்பது பெர்க்லியின் தாராள மனசால் அல்ல. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரி வயதுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், கலிஃபோர்னியா 1960-ல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் மூளை. ஆளுநர் பேட் பிரவுன் சட்டமாக்கினார். பள்ளி முடிப்பவர்களில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்குக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மேல்மட்ட மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி, கம்யூனிட்டி காலேஜோ யாருக்கும் திறந்தது என்று பிரித்தார்கள். 17 வயதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து ஒருவரை வாழ்நாளுக்கும் அளந்துவிடக் கூடாது என்பதால், கீழிருந்து மேலே ஏற டிரான்ஸ்ஃபர் என்ற ஏணியையும் சேர்த்தே வைத்தார்கள். பிற்பாடு, இரண்டு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதமும் இலக்காக வந்தது. மூன்றாம் ஆண்டில் இவர்களுக்கென்றே இடம் இருப்பதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் இந்த அளவுக்குப் பலமான ஏணி குறைவு.

எவ்வளவு மிச்சமாகும்?

மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இதே தொகைதான். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்குப் பெருக்கினால் 2,760 டாலர். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து! முதன்முறையாக, முழுநேரம் படிப்பவர்களுக்குப் பல காலேஜ்கள் அதையும் தள்ளுபடி செய்கின்றன. பெர்க்லியிலோ யு.சி.எல்.ஏ.விலோ மாநிலவாசிகளுக்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு சுமார் 15,000 டாலர். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 40,000-ஐத் தாண்டும். வீட்டிலிருந்தே போய்ப் படிக்கிற பிள்ளைக்கு இந்த மிச்சம் பெரிய தொகை. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் ஹாஸ்டல் கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வீடு எடுத்துத் தங்கினால் லாபத்தில் பாதி வாடகைக்கே போகும்.

பாடத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது

பல்கலைக்கழகம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி எளிமையானது. டிரான்ஸ்ஃபர் ஆகக்கூடிய 60 செமஸ்டர் யூனிட் (குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற இடங்களில் 90), ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, கலை, சமூகவியல், அறிவியல் பிரிவுகளிலிருந்து நான்கு. மாநிலவாசிகளுக்கு ஜி.பி.ஏ. 2.4, வெளியாட்களுக்கு 2.8 இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பெர்க்லி, யு.சி.எல்.ஏ.வில் அனுமதி பெறுகிறவர்களின் ஜி.பி.ஏ. பெரும்பாலும் 3.7-க்கு மேல் இருக்கும்.

பலர் கோட்டை விடுவது ஜி.பி.ஏ.வில் அல்ல, மேஜர் பாடத்துக்கான முன்தேவைகளில். மூன்றாம் ஆண்டில் நேராகப் போய் உட்காரப் போவதால், அந்தத் துறையின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை இங்கேயே முடித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கால்குலஸ் மட்டுமே இரண்டு, மூன்று கட்டமாக வரும். லீனியர் ஆல்ஜீப்ரா வேண்டும். புரோகிராமிங்கில் தொடங்கி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வரை போக வேண்டும். சில வளாகங்கள் இயற்பியலும் கேட்கும். இவை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியவை. முதல் கால்குலஸ் முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது, கால்குலஸ் இல்லாமல் அந்த இயற்பியலுக்கும் போக முடியாது. அவள் முதல் செமஸ்டரில், "மெதுவா ஆரம்பிக்கலாம்" என்று பிரீ-கால்குலஸ் எடுத்தால் சங்கிலி ஒரு கண்ணி தள்ளிப்போகும். மூன்றாவது செமஸ்டரில் எடுக்க வேண்டிய பாடம் அந்த முறை நடத்தப்படவில்லை என்றாலோ, சீட் நிரம்பிவிட்டாலோ இன்னும் ஒரு கண்ணி. இரண்டு வருடம் இப்படித்தான் மூன்றாகிறது.

இதற்குக் கைகொடுக்கும் இணையதளம் 'அசிஸ்ட்'. கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வமான தளம், இலவசம். நீங்கள் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ், போக விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிசையாகக் காட்டும். 'இதற்குச் சமமான பாடம் இல்லை' என்று சில வரிகள் வரும். அதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் பக்கத்துக் காலேஜில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வளாகத்துக்கு வளாகம் பட்டியல் மாறும் என்பதால் குறைந்தது நான்கு வளாகங்களுக்காவது பாருங்கள். பெர்க்லிக்குத் தேவையில்லாத ஒன்றை சான் டியாகோ கேட்கும்.

கவுன்சலர் இருக்கிறாரே என்று கேட்கலாம். கட்டாயம் பார்க்க வேண்டும், செமஸ்டருக்கு ஒரு முறையாவது. ஆனால், ஒரு கவுன்சலரிடம் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருப்பார்கள். நர்ஸிங்குக்கும் அவர்தான், இன்ஜினீயரிங்குக்கும் அவர்தான். அசிஸ்ட் பட்டியலை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், "இதுல எது விட்டுப்போகுது?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. வெறுங்கையோடு போய், "என்ன எடுக்கலாம்?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. பொதுப்பாடங்களின் முழுத் தொகுப்பையும் முடித்துவிடுங்கள் என்பது வழக்கமான ஆலோசனை. கலை, சமூகவியல் மாணவர்களுக்கு அது சரி. இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் பக்கம் போகிறவர்கள் மேஜர் பாடங்களை முதலில் முடிப்பதே நல்லது.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். ஒரு பாடத்தில் 'சி' வாங்கிவிட்டு, திரும்ப எழுதி 'ஏ' ஆக்கலாம் என்று நினைக்காதீர்கள். 'சி'க்குக் கீழே போனால்தான் திரும்ப எழுதியது கணக்கில் வரும். தடுமாறுகிறது என்று தெரிந்தால் கெடு தேதிக்குள் பாடத்திலிருந்து விலகிவிடுவது மேல். அடுத்து, கம்யூனிட்டி காலேஜில் எத்தனை யூனிட் படித்தாலும் பல்கலைக்கழகம் 70 வரைதான் கிரெடிட் கொடுக்கும். ஆசைக்கு எடுத்த பாடங்கள் அறிவுக்கு ஆகும், பட்டத்துக்கு ஆகாது.

அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுக்கக் கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவிகிதத்தை இழந்ததாக மதிப்பிட்டது. படித்த பாடத்தையே மறுபடி காசு கொடுத்துப் படிப்பதுதான் அதன் அர்த்தம்.

டேக் என்னும் உத்தரவாதம்

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு 'டேக்' என்ற பெயரில் இட உத்தரவாதம் தருகின்றன. குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வும் பாடங்களும் முடித்திருந்தால் சீட் நிச்சயம். சில இடங்களில் 3-க்குப் பக்கத்தில் கேட்பார்கள், சில இடங்களில் 3.4 வரை. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியாகோ மூன்றும் இதில் இல்லை. ஆறில் ஏதாவது ஒன்றுக்கு மட்டுமே டேக் போடலாம். செப்டம்பர் மாதம் முழுக்க அதற்கான நேரம். கூட்டம் அதிகமுள்ள சில மேஜர்களை, குறிப்பாக இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் பிரிவுகளை, சில வளாகங்கள் இதிலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன.

டேக் வாங்கினாலும் பெர்க்லிக்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் விண்ணப்பிக்கத் தடையில்லை. டேவிஸைக் கையில் வைத்துக்கொண்டு பெர்க்லிக்குக் கல்லெறிவதுதான் விவரமானவர்கள் செய்வது. யு.சி.எல்.ஏ.வைக் குறிவைப்பவர்கள், தங்கள் காலேஜின் ஹானர்ஸ் திட்டம் அதோடு இணைந்ததா என்று விசாரிக்கலாம். 'டேப்' என்று சொல்லப்படும் அந்த ஏற்பாட்டில் ஹானர்ஸ் பாடங்களை முடித்தவர்களின் விண்ணப்பத்துக்கு முன்னுரிமை உண்டு.

விண்ணப்பம்

அக்டோபரில் திறந்து நவம்பர் இறுதி அல்லது டிசம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். ஒரே விண்ணப்பத்தில் ஒன்பது வளாகங்களுக்கும் போடலாம். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. சிபாரிசுக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். அதில் ஒன்று எல்லோரும் எழுதியே ஆக வேண்டியது: எடுக்கப்போகும் மேஜருக்கு எப்படித் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள்? 'சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் என்றால் உயிர்' என்று எழுதினால் எடுபடாது. எந்தப் பாடத்தில் என்ன செய்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும். மாலையில் கடையில் வேலை பார்த்தது, தங்கையைப் பார்த்துக்கொண்டது இவற்றையும் தாராளமாகச் சேர்க்கலாம். நம்ம வீடுகளில், "அதைப் போய் எழுதுவாங்களா?" என்று கூச்சப்படுவார்கள். அதைத்தான் படிக்க விரும்புகிறார்கள்.

ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்ணைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வரும். விண்ணப்பம் போட்டாயிற்று என்று மெயிலைப் பார்க்காமல் விட்டவர்கள் இதைத் தவறவிடுவது உண்டு. ஏப்ரலில் முடிவு தெரியும், ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அனுமதி வந்த பிறகும் கடைசி செமஸ்டரில் மதிப்பெண் சரிந்தால், சொன்ன பாடத்தை முடிக்காமல் விட்டால், அனுமதியை ரத்து செய்யும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

பள்ளி முடித்தபின் ஒரு வழக்கமான செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து படித்துவிட்டால், அதற்குப் பிறகு முதலாம் ஆண்டு மாணவராக விண்ணப்பிக்க முடியாது. டிரான்ஸ்ஃபர்தான். "இந்த வருஷம் அங்க இருந்துட்டு அடுத்த வருஷம் மறுபடி ட்ரை பண்ணலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன் கிடைக்குமா?

கதவு இருக்கிறது, மிகக் குறுகலானது. ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டில் டிரான்ஸ்ஃபர் அனுமதி 100-க்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான். பிரின்ஸ்டன் 1990-ல் டிரான்ஸ்ஃபரை நிறுத்தி 2018-ல்தான் மறுபடி தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் அனுமதி பெற்றவர்கள் 13 பேர். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களையும் முன்னாள் ராணுவத்தினரையும் மனதில் வைத்தே தொடங்கினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. தனியார் பல்கலைக்கழகங்களில் சிபாரிசுக் கடிதம், பள்ளி மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள். நன்றாகப் படிக்கும், வசதி குறைந்த மாணவர்களுக்கு ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை ஆண்டுக்கு 55,000 டாலர் வரை கொடுக்கிறது. போட்டி கடுமை. கலிஃபோர்னியாவுக்கு வெளியே வர்ஜீனியா மாநிலத்தில், அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களோடு வர்ஜீனியா பல்கலைக்கழகம் போட்ட உத்தரவாத ஒப்பந்தம் பேர்பெற்றது.

விசாவில் இருப்பவர்களுக்கு

சென்னையிலிருந்து எஃப்-1 விசாவில் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த 46 டாலர் கட்டணம் கிடையாது. யூனிட்டுக்கு 300, 400 டாலர் என்று போகும். செமஸ்டருக்கு 12 யூனிட்டாவது எடுத்தே ஆக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கிடைத்த பிறகும் வெளிநாட்டு மாணவராகவே இருப்பதால் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம். 'கம்மி செலவில் பெர்க்லி' என்று ஏஜென்ட் சொன்னால், நான்கு வருடக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள்.

எச்-1பி பெற்றோரின் பிள்ளைகளுக்கு வேறு கவலை. எச்-4 விசா 21 வயதோடு முடிந்துவிடும். 18-ல் கம்யூனிட்டி காலேஜ், 20-ல் டிரான்ஸ்ஃபர் என்றால் 21-ம் பிறந்தநாள் மூன்றாம் ஆண்டில் வரும். எஃப்-1-க்கு மாறும்போது கட்டணம், உதவித்தொகை எல்லாம் என்ன ஆகும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்ஸி அலுவலகத்திலும், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

எல்லாரும் போய்ச் சேர்வதில்லை

அமெரிக்கா முழுக்கப் பார்த்தால், கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் பெரும்பாலானோர் பட்டம் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவது சுமார் மூன்றில் ஒருவர். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்குவது 100-க்கு சுமார் 16 பேர். வேலை, குடும்பம், பணம் என்று காரணங்கள் பல. கட்டுப்பாடு இல்லாத சூழலில் சோர்ந்துபோகும் பிள்ளைக்கு இந்த வழி சரிவராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நண்பர்கள் எல்லாம் ஹாஸ்டலுக்குப் போய்விட, பழைய அறையிலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்குப் போவது 18 வயதில் லேசான விஷயம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் உறவினர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாமல் இருந்தாலே பாதி பாரம் குறையும்.

போய்ச் சேர்ந்த பிறகு

பட்டச் சான்றிதழில் பெர்க்லி என்றுதான் இருக்கும். கம்யூனிட்டி காலேஜ் பெயர் அதில் வராது. பழைய யூனிட்டுகள் கணக்கில் வரும். பழைய மதிப்பெண்கள் புதிய ஜி.பி.ஏ.வில் சேராது. அங்கே 4.0 வைத்திருந்தவரும் இங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்குவது சகஜம். பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற வளாகங்கள் பத்து வாரக் குவார்ட்டர் முறையில் ஓடுவதால், செமஸ்டருக்குப் பழகியவர்கள் தலைநிமிர்வதற்குள் மிட்-டெர்ம் வந்து நிற்கும். முதல் பருவத்தில் கடினமான மேஜர் பாடங்கள் மூன்றை ஒரே நேரத்தில் எடுக்காமல், இரண்டோடு லேசான ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் சீனியர்கள்.

கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுப்பதும் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடும். மற்றவர்களுக்கு அது மூன்றாம் வருடம், இவர்களுக்கு முதல் மாதம். ரெஸ்யூமேயைச் சேருவதற்கு முந்தைய கோடையிலேயே தயார் செய்துவிட வேண்டும். யு.சி.எல்.ஏ. 2022-லிருந்து டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு வருட விடுதி உத்தரவாதம் தருகிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. சம்மதம் தெரிவிக்கும்போதே அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.